நூறிலிருந்து ஆயிரத்துக்கு: சின்ன ஆபீஸில் ஸ்விட்ச் மாற்றும் முன்

சேலத்தில் இப்போது எந்தத் தெருவுக்குப் போனாலும் ஃபைபர் வந்துவிட்டது. அம்மாபேட்டைச் சந்துகளில்கூடக் கம்பத்துக்குக் கம்பம் கருப்பு ஒயர் சுருள் தொங்குகிறது. 200, 300 எம்பிபிஎஸ் பிளான் போட்டவர்கள் எனக்குப் போன் செய்து சொல்லும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான். "மாசம் தவறாம பணம் கட்றேங்க, ஸ்பீடு டெஸ்ட் போட்டா 94 தான் காட்டுது." மொபைலில் வைஃபையில் பார்த்தால் 250 வருகிறது, கம்ப்யூட்டரில் ஒயர் மாட்டிப் பார்த்தால் 94. அந்த எண்ணைக் கேட்டதுமே எனக்குப் பாதி வேலை முடிந்துவிடும். இணைய நிறுவனத்தோடு சண்டை போட்டுப் பயனில்லை. ரூட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் எங்கோ ஒரு 100 எம்பிபிஎஸ் இணைப்பு உட்கார்ந்திருக்கிறது.

ஏன் 94? லேன் ஒயரில் டேட்டா போகிற முறைக்கு ஈதர்நெட் என்று பெயர். அதில் ஒரு முழு பாக்கெட் ஒயரில் போகும்போது 1538 பைட் இடத்தை எடுத்துக்கொள்கிறது. முகவரிகள், பிழை சரிபார்ப்பு, ஒரு பாக்கெட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி எல்லாம் போக நம்முடைய டேட்டாவுக்கு மிஞ்சுவது 1460 பைட். நூறில் இந்த விகிதத்தைப் போட்டால் 94.9 வருகிறது. அதனால் டெஸ்டில் எண் ஒரு தடவை 60, ஒரு தடவை 130 என்று ஆடினால் காரணம் வேறு. எத்தனை தடவை போட்டாலும் 93, 94 என்று அசையாமல் நின்றால் இதுதான். விண்டோஸில் நெட்வொர்க் செட்டிங்ஸுக்குள் போய் லிங்க் ஸ்பீடு என்ற இடத்தைப் பாருங்கள், 100/100 என்று அதுவே சொல்லும்.

ரூட்டரிலிருந்து வருகிற ஒயரைப் பல கம்ப்யூட்டருக்குப் பிரித்துக் கொடுக்கிற பெட்டிதான் ஸ்விட்ச். உடனே கடைக்குப் போய் ஜிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ், ஸ்விட்ச் வாங்கிவிடலாம் என்று தோன்றும். சாதாரண காப்பர் லேன் கேபிளில் 1000 எம்பிபிஎஸ் அனுப்புவதற்கான 802.3ஏபி தரம் 1999-லேயே வந்துவிட்டது. கால் நூற்றாண்டு ஆகியும் கடைகளில் 100 ஸ்விட்ச் இன்னும் விற்கிறது, விலை கொஞ்சம் குறைவு என்பதற்காக நாமும் வாங்குகிறோம். புதிதாக வாங்குகிறவர்கள் ஜிகாபிட்டுக்குக் குறைந்து எதையும் வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கேமராவுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு, பின்னால் சொல்கிறேன். ஆனால் பெட்டியை மாற்றுவதற்கு முன்னால் கேபிளைப் பார்க்க வேண்டும். நான் போகிற இடங்களில் பல சமயம் குற்றவாளி ஸ்விட்ச் இல்லை, கேபிள்தான்.

லேன் கேபிளுக்குள் எட்டு ஒயர், நான்கு ஜோடி. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு அதில் இரண்டு ஜோடி போதும், ஆரஞ்சும் பச்சையும். நீலமும் பழுப்பும் சும்மா கிடக்கும். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். பிளக்கில் ஒரே ஒரு பழுப்பு ஒயர் சரியாகக் கடிபடாமல் இருந்தாலும், இரண்டு பக்கமும் ஜிகாபிட் போர்ட்டாகவே இருந்தாலும், பெரும்பாலும் இணைப்பு சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது, விளக்கு எரியும், இணையம் வரும், எல்லாம் சரியாக இருப்பது போலவே இருக்கும். வீடு கட்டும்போது எலக்ட்ரீஷியன்கள் செய்கிற இன்னொரு வேலையும் உண்டு. ஒரே கேபிளை இரண்டாகப் பிரித்து ஆரஞ்சு, பச்சையை ஹாலில் இருக்கும் டிவிக்கும், நீலம், பழுப்பை படுக்கையறைக்கும் கொடுத்துவிடுவார்கள். அன்றைக்கு அது சிக்கனம். சுவருக்குள் பைப் பூசி மூடிய பிறகு அந்த வீட்டில் அந்த ஒயரில் ஜிகாபிட் வேண்டுமென்றால் இரண்டு அறைகளில் ஒன்றைக் கைவிட வேண்டியிருக்கும். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து ஒரு அறைக்கு ஒரு முழு கேபிள் என்று கறாராகச் சொல்லிவிடுங்கள். கரண்ட் ஒயர் போகிற பைப்பிலேயே அதையும் திணிக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

செவ்வாய்பேட்டையில் கொலுசு வியாபாரம் செய்யும் ஒருவர் வீட்டில் இந்த வேலைக்காகப் போயிருந்தேன். கீழே ஆபீஸ், மேலே பட்டறை. டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேர் இருக்கும் கம்ப்யூட்டர் ஒன்று, அதிலிருந்து டேட்டா எடுத்துப் பில் போடும் கம்ப்யூட்டர்கள் மூன்று, எட்டு கேமரா, அவற்றின் படத்தைப் பதிவு செய்கிற என்விஆர் பெட்டி ஒன்று. வெள்ளி எடை போட்டு வாங்குவதும் கொடுப்பதும் கேமரா முன்னால்தான் நடக்கும், கிராம் கணக்கில் தகராறு வந்தால் ரெக்கார்டிங்கைப் போட்டுப் பார்ப்பார்கள். அவருடைய புகார், ரெக்கார்டிங் பார்க்கும்போது பில் போடுவது இழுக்கிறது, ராத்திரியில் மேல்மாடிக் கேமரா ஒன்று அடிக்கடி போய்ப் போய் வருகிறது.

மேல்மாடிக் கேபிளின் பிளக்கை வெட்டி எடுத்தேன். உறையைச் சீவி ஒரு ஒயரை வெளியே இழுத்து, பிளேடு முனையால் லேசாகச் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், நாலு இழுப்பு இழுத்ததும் உள்ளே வெளுப்பு. இரண்டு தடவை மடக்கி நிமிர்த்தியதும் மளுக்கென்று ஒடிந்தது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் அந்தத் துண்டை என் கையிலிருந்து வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முலாம்ங்களா தம்பி?"

"ஆமாங்க அண்ணா. உள்ள அலுமினியம், மேல செம்பு."

"செம்பு வெலையா வாங்கிட்டாங்க?"

பதில் சொல்ல எனக்குச் சங்கடமாக இருந்தது. கேபிள் போட்டவர் யாரென்று நான் கேட்கவில்லை. இந்த அலுமினிய கேபிளைக் கடைக்காரர்கள் சிசிஏ என்பார்கள். பெட்டியின் மேல் கேட் 6 என்ற தர வகையைப் பெரிதாக அச்சிட்டிருக்கும். லேன் கேபிளுக்கான தரங்கள் எதுவும் இதை ஏற்பதில்லை, அவை கேட்பது முழுச் செம்பு. அலுமினியத்தின் மின்தடை செம்பைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு. வெறும் டேட்டா மட்டும் போகும்போது, தூரம் குறைவாக இருந்தால், ஒப்பேறிவிடும். அதே ஒயரில் கேமராவுக்குக் கரண்டும் அனுப்பும்போதுதான் (இதைத்தான் பிஓஇ என்பார்கள்) குட்டு வெளிப்படும். பகலில் கேமரா கொஞ்சம் வாட்ஸ்தான் எடுக்கும். இருட்டியதும் உள்ளே இருக்கிற இன்ஃப்ராரெட் விளக்குகள் எரிய ஆரம்பிக்கும், கரண்ட் இழுப்பு கூடும், நீளமான அலுமினிய ஒயரில் வோல்டேஜ் விழும், கேமரா அணைந்து மறுபடி எழும். ராத்திரியில் மட்டும் கேமரா போகிறது என்று யாராவது சொன்னால் ஸ்விட்ச்சையும் கேமராவையும் சந்தேகப்படும் முன் பிளேடை எடுத்து ஒயரைச் சுரண்டிப் பாருங்கள். வாங்கும்போதே ரோலைக் கையில் தூக்கிப் பாருங்கள், செம்பு கேபிள் நல்ல கனமாக இருக்கும்.

கேபிளை மாற்றியாயிற்று, இப்போது ஸ்விட்ச். அது உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்தால் எதை வாங்குவது என்பது தானாகப் புரியும். முன்பெல்லாம் ஆபீஸ்களில் ஹப் இருந்தது. ஒரு போர்ட்டில் வந்ததை மற்ற எல்லாப் போர்ட்டிலும் அப்படியே கொட்டும், ஒருவர் பேசும்போது மற்றவர்கள் சும்மா இருக்க வேண்டும். ஸ்விட்ச் அப்படியில்லை. எந்தப் போர்ட்டில் எந்த மெஷினின் முகவரி இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு, உரியவருக்கு மட்டும் அனுப்பும். ஈதர்நெட்டுக்கு இப்படியொரு பெட்டியை 1990-ல் கலிபோர்னியாவில் கல்பனா என்ற நிறுவனம் கொண்டுவந்தது, அதில் ஏழு போர்ட். நிறுவியவர்களில் ஒருவர் வினோத் பரத்வாஜ். 1994-ல் சிஸ்கோ அந்த நிறுவனத்தை வாங்கிக்கொண்டது. இன்றைக்கு நம் மேஜையடியில் தூசி படிந்து கிடக்கிற ஐந்து போர்ட் பிளாஸ்டிக் பெட்டியும் செய்வது அதே வேலைதான்.

ஆகையால் பார்க்க வேண்டியது, நெரிசல் எந்தப் போர்ட்டில் என்பதை. கொலுசுக்காரர் ஆபீஸில் ஒரு 16 போர்ட் 100 ஸ்விட்ச், கேமரா, கம்ப்யூட்டர், என்விஆர் எல்லாம் அதில்தான். நாலு மெகாபிக்சல் கேமரா ஒன்று சராசரியாக 4 எம்பிபிஎஸ் அனுப்பினால் எட்டுக்கும் சேர்த்து 32. அது என்விஆர் போர்ட்டுக்குள் போகும், 100-ல் அது பெரிய சுமையில்லை. ஆனால் டேலி கம்ப்யூட்டருக்குப் போகிற ஒரே ஒரு ஒயரைப் பாருங்கள். மூன்று பேர் பில் போடுவதும் அதில்தான், அந்த நேரம் பார்த்து ஓடுகிற பேக்கப் காப்பியும் அதில்தான். ரெக்கார்டிங்கையும் அவர் அந்தக் கம்ப்யூட்டரில்தான் ஓட்டிப் பார்ப்பார், எட்டு கேமராவையும் ஒன்றாகத் திறந்து வேகமாக ஓட்டிக்கொண்டு. 100 எம்பிபிஎஸ்ஸில் ஃபைல் காப்பி ஆவது நொடிக்கு 11, 12 மெகாபைட். ஜிகாபிட்டில் அதுவே 110-ஐத் தொடும். பத்து ஜிபி பேக்கப் முன்பு கால் மணி நேரம் போர்ட்டை அடைத்துக்கொண்டு நின்றதென்றால் இப்போது, டிஸ்க் ஈடுகொடுத்தால், இரண்டு நிமிடத்துக்குள் வழிவிட்டுவிடும். பில் போடுகிற பெண்கள் கவனித்த வித்தியாசம் அதுதான்.

கேமராக்களுக்கு 100 போதும் என்றேனே, அதனால் அங்கே காசைக் கொட்ட வேண்டியதில்லை. 100 எம்பிபிஎஸ் பிஓஇ போர்ட் எட்டும், மற்ற பெட்டிகளோடு இணைக்கிற ஜிகாபிட் போர்ட் (அப்லிங்க்) இரண்டும் உள்ள ஸ்விட்ச் வாங்கி, அதைத் தனியாகக் கேமராவுக்கு விட்டு, அப்லிங்க் ஒன்றை என்விஆருக்கும் இன்னொன்றைப் பிரதான ஸ்விட்ச்சுக்கும் கொடுத்தால் போதும். கம்ப்யூட்டர்கள் இருக்கிற ஸ்விட்ச் முழு ஜிகாபிட். கேமரா ஓட்டம் கேமரா பக்கமே முடிந்துவிடும்.

பிஓஇ பெட்டி வாங்கும்போது போர்ட் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். 2003-ல் வந்த 802.3ஏஎஃப் தரப்படி ஒரு போர்ட் 15.4 வாட்ஸ் வரை கொடுக்கலாம். எட்டுப் போர்ட்டுக்கு 123 வாட்ஸ் ஆகிறது. பெட்டியின் அடியில் சின்ன எழுத்தில் மொத்த பட்ஜெட் 60 வாட்ஸ் என்று போட்டிருந்தால், ராத்திரியில் எட்டு கேமராவும் விளக்கைப் போடும்போது அது திணறலாம். சுற்றிச் சுற்றிப் பார்க்கிற பிடிஇசட் கேமராவுக்கு 2009-ன் 802.3ஏடி தரம் வேண்டும், போர்ட்டுக்கு 30 வாட்ஸ். தரத்தின் பெயரே போடாமல் வெறும் பிஓஇ என்று மட்டும் எழுதியிருக்கிற மலிவுப் பெட்டிகளை நான் தொடுவதில்லை. தரப்படி செய்த ஸ்விட்ச் முதலில் எதிர்முனையில் கரண்ட் வாங்கக்கூடிய சாதனம்தானா என்று சோதித்துவிட்டுத்தான் கரண்டை விடும். பேசிவ் பிஓஇ வகை எதையும் கேட்காமல் எப்போதும் அனுப்பிக்கொண்டே இருக்கும், தெரியாமல் லேப்டாப்பை மாட்டினால் அதன் போர்ட் போய்விடலாம்.

அடுத்தது மேனேஜ்டு ஸ்விட்ச், அதாவது உள்ளே போய் செட்டிங்ஸ் மாற்றக்கூடிய ஸ்விட்ச், வேண்டுமா என்ற கேள்வி. நாலு கம்ப்யூட்டர் ஆபீஸுக்கு அவசியம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் லூப் கண்டுபிடிக்கிற வசதியுள்ள ஒரு சாதாரண ஸ்மார்ட் ஸ்விட்ச் ஆயுத பூஜைக்கு மறுநாள் தன் அருமையைக் காட்டும். பூஜைக்கு முந்தின நாள் ஊரெல்லாம் கம்ப்யூட்டரைத் துடைப்பார்கள், ஒயரையெல்லாம் கழற்றி மேஜையைக் கழுவிப் பொட்டு வைத்து, திரும்ப மாட்டும்போது எந்த ஒயர் எங்கே என்று தெரியாமல் மிச்சமாகத் தொங்குகிற முனையையும் காலியாக இருக்கிற போர்ட்டில் குத்திவிடுவார்கள். அதன் மறுமுனை ஏற்கெனவே அதே ஸ்விட்ச்சில் இருக்கும். இதுதான் லூப். எல்லோருக்கும் போகிற ஒரு பிராட்காஸ்ட் பாக்கெட் அதில் சுற்ற ஆரம்பித்தால் நிற்காது, பெருகிக்கொண்டே போய்ச் சில நொடியில் மொத்த ஆபீஸும் படுத்துவிடும். எல்லா விளக்கும் ஒரே வேகத்தில் வெறிபிடித்து மின்னுவதுதான் அடையாளம். இந்தச் சிக்கலுக்கு ரேடியா பெர்ல்மன் என்ற பெண் 1985-லேயே ஸ்பானிங் ட்ரீ என்ற வழிமுறையை வகுத்துக் கொடுத்துவிட்டார். மலிவான ஸ்விட்ச்களில் அது இருப்பதில்லை, அவ்வளவுதான்.

ஏற்காட்டில் கதை வேறு. சேலம் பக்கமிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் 1500 மீட்டர் உயரம். காபித் தோட்டக்காரர்கள் மார்ச், ஏப்ரலில் பூ மழைக்காகக் காத்திருப்பார்கள், அந்த மழை தவறினால் காபிப் பூ சரியாக எடுக்காது. அவர்கள் கும்பிட்டு வரவேற்கிற அந்தக் கோடை மழைதான் இடியையும் கூட்டி வரும். தோட்டத்து பங்களாவை ஹோம்ஸ்டே ஆக்கியவர்கள், ஆபீஸ் அறையிலிருந்து சரிவில் தள்ளியிருக்கிற காட்டேஜ்களுக்கு சில்வர் ஓக் மரங்களின் மேல் லேன் கேபிளைக் கட்டி இழுத்திருப்பார்கள். ஒவ்வொரு கோடையிலும் ஸ்விட்ச் போகும். சில சமயம் நேரடி இடி கூட வேண்டியதில்லை. பக்கத்தில் எங்கோ விழுந்தாலே அந்த நீளமான செம்பு ஒயரில் வோல்டேஜ் தூண்டப்படும். இரண்டு கட்டடத்துக்கும் எர்த் தனித்தனி, அவற்றுக்கிடையே உண்டாகிற வித்தியாசமும் அந்த ஒயர் வழியாகத்தான் ஓடப் பார்க்கும். பாறை நிலத்தில் எர்த் குழி எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும் நல்ல எர்த் கிடைப்பது கஷ்டம். ஸ்விட்ச்சைத் திறந்து பார்த்தால் போர்ட்டுக்குப் பின்னால் இருக்கிற சின்னக் கருப்பு டிரான்ஸ்பார்மர் வெடித்துக் கரிந்திருக்கும், பெட்டிக்குள் இன்னும் புகை வாடை அடிக்கும்.

ஒரு தோட்டத்து அம்மா என்னிடம், "வருஷா வருஷம் ஒண்ணு வாங்கித்தானே வைக்கிறேன், இந்தத் தடவ வெல கூடுனதா வாங்கிரலாமா கண்ணு?" என்று கேட்டார். விலை கூடின ஸ்விட்ச்சும் அதே செம்பு ஒயரில் மாட்டினால் அதே மாதிரிதான் போகும் என்றேன். கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே செம்பே வேண்டாம். ஃபைபர் கண்ணாடி இழை, அதில் கரண்ட் ஓடாது. ஒரே இழையில் போக 1310, வர 1550 நானோமீட்டர் ஒளி வைத்து வேலை செய்கிற மீடியா கன்வெர்ட்டர் (லேன் சிக்னலை ஒளியாக மாற்றும் பெட்டி) ஜோடி இருந்தால் போதும், ஃபைபருக்கான மாட்யூலை நேராகச் செருகுகிற எஸ்எஃப்பி துளை உள்ள ஸ்விட்ச் என்றால் இன்னும் சுத்தம். லேன் கேபிளுக்கு நூறு மீட்டர்தான் எல்லை, இதற்குக் கிலோமீட்டர் கணக்கு. ஒட்டுவதற்கு ஊரில் கேபிள் டிவிக்காரரிடமே ஸ்ப்ளைசிங் மெஷின் இருக்கிறது.

அதில் இரண்டு விஷயம் கவனம். கேபிள் டிவிக்காரர்கள் பெரும்பாலும் பச்சை நிற கனெக்டர் வைத்து ஒட்டுவார்கள், கன்வெர்ட்டர்களில் வருவது நீலம். பச்சையின் முனை எட்டு டிகிரி சாய்வாகச் செதுக்கியது, நீலம் அப்படியில்லை. இரண்டையும் சேர்த்துக் குத்தினால் மாட்டும், ஆனால் ஒளி வீணாகி இணைப்பு விட்டு விட்டு வரும். இன்னொன்று, கம்பத்தில் இழுத்துக் கட்டுவதற்காக அந்த ஃபைபர் ஒயரின் ஓரத்தில் ஒரு இரும்புக் கம்பி ஓடும். அதைக் கட்டடத்துக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்திவிட வேண்டும். இழைக்கு இரண்டு பக்கமும் தாங்கலாக இருக்கிற மெல்லிய கம்பிகளும் இரும்பாக இல்லாமல் எஃப்ஆர்பியாக (இழை சேர்த்த பிளாஸ்டிக்) இருக்கிற ரகத்தைக் கேட்டு வாங்க வேண்டும். இல்லையென்றால் செம்பைத் துரத்திவிட்டு இரும்பு வழியாக இடியை வீட்டுக்குள் விட்ட கதையாகிவிடும். காட்டேஜ்களுக்குப் போகிற இந்த இடத்தில்தான் ஒரே ஸ்விட்ச்சைத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிக்கிற வீலேன் வசதி உள்ள ஸ்மார்ட் ஸ்விட்ச்சும் அவசியம் என்பேன். தங்க வருகிறவர்களின் மொபைல்களும் பில்லிங் கம்ப்யூட்டரும் ஒரே நெட்வொர்க்கில் கிடப்பது சரியில்லை.

2.5 ஜிகாபிட் வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். 2016-ல் வந்த 802.3பிஇசட் தரம், பழைய கேட் 5இ கேபிளிலேயே நூறு மீட்டர் ஓடும், அது நல்ல விஷயம். கல்யாண வீடியோ எடிட் செய்கிற ஸ்டுடியோக்கள் ஒரு சேமிப்புப் பெட்டியில் ஃபுட்டேஜை வைத்து இரண்டு மூன்று பேர் வெட்டுகிறார்கள் என்றால் தாராளமாக வாங்குங்கள், நொடிக்கு 280 மெகாபைட் வரை போகும். பில் போடுகிற ஆபீஸுக்கு இப்போதைக்குத் தேவையில்லை.

ஸ்விட்ச் எதுவானாலும் ரூட்டர் இருக்கிற அதே யூபிஎஸ்ஸில் போடுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் ரூட்டர் உயிரோடு இருக்கும், லேப்டாப் ஓடும், நடுவில் ஸ்விட்ச் அணைந்து கிடக்கும், நெட் இல்லை என்று எனக்குப் போன் வரும். அடாப்டர்களைக் கலக்கவும் கூடாது. சில ஸ்விட்ச்சுக்கு 5 வோல்ட், சிலவற்றுக்கு 9, சிலவற்றுக்கு 12, பின் மட்டும் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி நுழையும். அடாப்டரின் மேல் எந்தப் பெட்டியுடையது என்று மார்க்கரில் எழுதி வைத்துவிடுங்கள். ஒயர்களுக்கும் இரண்டு முனையிலும் ஒரே எண்ணை ஒட்டுங்கள், ஆயுத பூஜைக்காகத் துடைக்கிறவருக்கு அதுவே வழிகாட்டும்.

கழற்றிய பழைய 100 ஸ்விட்ச் நன்றாக இருந்தால் எறிய வேண்டியதில்லை. கைரேகை வைக்கிற வருகைப் பதிவு மெஷின், பிரிண்டர், கார்டு தேய்க்கிற மெஷின் இவற்றுக்கெல்லாம் நூறே தாராளம். கொலுசுக்காரர் ஆபீஸில் அந்தப் பழைய 16 போர்ட் பெட்டி இப்போது பட்டறை வாசலில் வருகைப் பதிவு மெஷினுக்கும் லேபிள் பிரிண்டருக்கும் வேலை செய்துகொண்டிருக்கிறது.